எதிரே ஒரு முகம்

பேத்திக்கு ஐந்து மாதம் முடியச் சில நாட்களே இருந்தன. கூடத்தில் பாயை விரித்து அவளைக் குப்புறப் போட்டுவிட்டு மகள் குளிக்கப் போயிருந்தாள். காவலுக்கு நான். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பின்னந்தலை மட்டும்தான் தெரிகிறது என்று தரையிலேயே படுத்து, பாயின் ஓரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

முதலில் நெற்றி எழுந்தது. அப்புறம் மூக்கு. இரண்டு கைகளையும் மார்புக்கடியிலிருந்து உருவி முன்னால் ஊன்றினாள். ஒரு கால் மடங்கியிருந்தது. இன்னொரு கால் பின்னால் நீண்டு பாயை உதைத்தது. தலை நிமிர்ந்துவிட்டது, ஆனால் நிலைகொள்ளவில்லை. இப்படியும் அப்படியும் ஆடியது. எச்சில் நூலாக இறங்கிப் பாயைத் தொட்டது. அந்த ஆட்டத்தோடேயே என்னைக் கண்டுபிடித்து, என் கண்ணில் கண்ணை வைத்தாள். நான் "ஆங்?" என்றேன். அவள் வாயைக் குவித்தாள். நெற்றி சுருங்கியது. உள்ளே ஏதோ தயாராவதுபோல் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு ஒரு "ங்கா" வந்தது. வந்த களைப்பில் தலை பொத்தென்று பாயில் விழுந்தது. அழவில்லை. மறுபடி தூக்கினாள்.

முப்பத்தைந்து வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்த்தி, முகம் அசைய ஆடுவது செங்கீரை என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையாக அதை எழுதவும் வைத்திருக்கிறேன். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை என்பது அன்று காலை பாயில் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. யாரோ ஒருவர் ஒரு குழந்தைக்கு எதிரே இதே உயரத்தில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்.

என் மகளுக்கும் ஐந்தாம் மாதம் என்று ஒன்று இருந்தது. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். விடைத்தாள் கட்டுகளோடு இருந்திருப்பேன். அவள் முதலில் தலை நிமிர்ந்தது என் நினைவில் இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

குழந்தையைப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழுக்குப் பருவங்கள் பத்து. ஆண்பாலுக்குக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கடைசி மூன்று மாறும். இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு மாதக்கணக்கு சொல்கின்றன; நூலுக்கு நூல் அது சற்று வேறுபடும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் செங்கீரை 5ஆம் மாதம், தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வாரானை 13. இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது ஒன்பதாம் மாதம், எழுந்து நடந்து வருவது பதின்மூன்றாம் மாதம் என்பது இன்றைக்கும் எந்த வீட்டிலும் சரிபார்க்கக்கூடிய கணக்கு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிடி இல்லாமல் நடக்கத் தொடங்கும் சராசரி வயது ஏறத்தாழ 12 மாதம். பாட்டியல்காரர்கள் நடப்பு மாதத்தை எண்ணியிருந்தால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வந்து நிற்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, பெற்றோர் அதைத்தான் முதலில் படிக்கவேண்டும். நடக்கத் தொடங்கும் வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்து கிடந்தது. எல்லாமே நலமாக வளர்ந்த குழந்தைகள்தாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டன. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்திலேயே நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, நம் வீட்டுக் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்து நடக்கவைக்கிற அவசரத்துக்கு இந்த ஒரு கணக்கே போதுமான மறுமொழி.

ஆனால் அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது மாதக்கணக்கு இல்லை. பருவங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவை யாரோ ஒருவர் குழந்தையிடம் கேட்பது. செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு, முத்தம் தா, வா, பறை முழக்கு, தேர் உருட்டு. அம்புலியில் குழந்தைக்காக நிலாவைக் கூப்பிடுகிறார்கள். சிற்றிலில் மணல்வீடு கட்டிய சிறுமிகள், எங்கள் வீட்டை மிதிக்காதே என்று சிறுவனைக் கெஞ்சுகிறார்கள். குழந்தை தனியாக நிற்கிற பருவம் ஒன்றுகூட இல்லை. மருத்துவமனை அட்டையில் 'உட்காருகிறது, நிற்கிறது, நடக்கிறது' என்று வினைகள் இருக்கும், குழந்தை மட்டும் இருக்கும். பிள்ளைத்தமிழில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கேட்கிறார், ஒருவர் வளர்கிறார்.

குழந்தை வளர்ச்சி பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை ஓய்வுபெற்ற பிறகு தேடித்தேடிப் படித்துவருகிறேன். அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுபவை எல்லாம் இந்த இரண்டாவது ஆளைப் பற்றியவையாகவே இருக்கின்றன.

1970களில் அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். சில மாதக் குழந்தை, எதிரே தாய். இருவரும் வழக்கம்போல் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். பிறகு தாய் முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்ளவேண்டும். சிரிக்கக்கூடாது, பேசக்கூடாது, குழந்தையைப் பார்த்தபடி இருக்கவேண்டும். ஓரிரு நிமிடந்தான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது. இதுவரை பலித்த எல்லா வித்தையையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறது. எதற்கும் பதில் இல்லையென்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடல் தளர்கிறது, சில குழந்தைகள் அழுதுவிடுகின்றன. அந்தத் தாய் குழந்தையை அடிக்கவில்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அங்கேதான் இருந்தாள். இருந்தும் பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சோதனையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, பேருந்தில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் முகங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்த அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் சொந்தம். ஆனால் குழந்தை நிமிர்ந்து பார்க்கிறது, மறுபடி பார்க்கிறது, பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. அந்தத் திரும்பலை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

பேச்சு வருவதும் இதே வழியில்தான். 1984இல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார். நாக்கைப் பல்லில் ஒட்டிச் சொல்லும் ஒலி, நாக்கை மடித்து மேலண்ணத்தில் தொட்டுச் சொல்லும் ஒலி. நம் தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்கள் காதுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ஆறேழு மாத ஆங்கிலக் குழந்தைகள் வேறுபாட்டைச் சரியாகக் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிட்டது. எல்லா மொழிக்கும் திறந்திருக்கும் காதோடுதான் குழந்தை பிறக்கிறது. சுற்றியிருப்பவர்கள் பேசுகிற ஒலிகளுக்கு ஏற்ப ஒரு வருடத்துக்குள் அது தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஆறாம் வகுப்பில் பிரம்பு கொண்டு கற்பிக்க முயன்ற தலைமுறை எங்களுடையது. அந்தப் பாடம் தொட்டிலருகில் நடக்கவேண்டியது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

இதற்குத் தொடர்ச்சியாக 2003இல் பேட்ரீஷியா கூல் வெளியிட்ட ஆய்வை இளம் பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம் சொல்கிறேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி. சில குழந்தைகளோடு சீனம் பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் காட்டிப் பேசினார். பன்னிரண்டு அமர்வுகள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசியதை வீடியோவாகப் போட்டுக் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. அதே குரல், அதே சொற்கள். திரையிலிருக்கும் ஆள் குழந்தை எங்கே பார்க்கிறது என்று கவனிப்பதில்லை. அது "ங்கா" சொன்னால் நிறுத்திக் கேட்பதில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. செல்போனைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான் என்று சொல்லும் வீடுகளில் இதைச் சொல்வது எளிதில்லை. ஆனால் சோறு ஊட்டுகிற நேரம் ஒரு நாளில் மூன்று தடவை தானாக அமைகிற பேச்சு நேரம். அதையும் திரைக்குக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது குறைவு.

காது கேட்காத குழந்தைகள் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடவேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன். கூப்பிட்டால் திரும்பமாட்டான். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்றார்கள் வீட்டில். கோயிலில் மணி கட்டினார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அவனும் மற்றக் குழந்தைகளைப் போலவே ஒலி எழுப்பியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதங்கள் அப்படிக் குரல் கொடுக்கும், அது ஏமாற்றிவிடும். மூன்றரை வயதில்தான் அவனுக்குக் கேட்கவில்லை என்பது தெரிந்தது. எல்லாரும் பேசிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் அவன் மூன்றரை வருடம் பதில் வராத முகங்களுக்கு நடுவே இருந்திருக்கிறான். தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் குமிழை வைத்துச் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடியது செவித்திறன் சோதனை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் இம்பிளான்ட் அறுவைசிகிச்சை செய்கிறார்கள். காலம் கடந்தால் பலன் குறையும். 'பொறுத்துப் பார்ப்போம்' என்பது நடைக்குச் சொல்லலாம்; கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு ஒருநாளும் சொல்லக்கூடாது.

காது கேளாத பெற்றோர் சைகை மொழியில் பேசும் வீடுகளில் பிறந்த காது கேளாத குழந்தைகளை மான்ட்ரியலில் லாரா ஆன் பெட்டிட்டோ கவனித்து 1991இல் எழுதினார். அந்தக் குழந்தைகள் கையால் மழலை பேசின. மற்றக் குழந்தை 'மம்மம், தத்தா' என்று ஒலியை அடுக்குவதுபோல, இவை விரல்களால் பொருளில்லாத சைகைகளை அடுக்கின. இதைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாய் வழியாகவோ கை வழியாகவோ, குழந்தைக்கு வந்துசேரவேண்டியது மறுமுனையிலிருந்து ஒரு பதில். வருகிற வழியில் அது தன் மழலையை வைத்துக்கொள்கிறது.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் பெயர் வைக்காமலே செய்துவந்த விளையாட்டுகள் இருக்கின்றன. பருப்புக் கடைகிற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உள்ளங்கையை விரித்து, அதில் முழங்கையையோ விரலையோ வைத்துக் கடைய வேண்டும். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு என்று பங்கு வைக்கவேண்டும். கடைசியில் இரண்டு விரல் நண்டாகி மணிக்கட்டிலிருந்து மெதுவாக ஏறும். முழங்கை மடிப்பில் நண்டு நின்றுவிடும். அந்த நிற்கிற இடந்தான் விளையாட்டின் உயிர். ஆறு மாதத்தில் குழந்தை அக்குளில் விரல் பட்ட பிறகுதான் சிரிக்கும். எட்டு ஒன்பது மாதம் ஆகும்போது நண்டு முழங்கையில் நிற்கும்போதே தோளை ஒடுக்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடும். அடுத்து என்ன வரும் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. இன்னும் சில மாதம் போனால் தன் கையைத் தானே விரித்து நம்மிடம் நீட்டும். எண்ணும் உறவும் உடம்பின் இடங்களும் காத்திருத்தலும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிய பாடம் இது. காசு கொடுத்து வாங்கிய எந்த 'அறிவு வளர்க்கும்' பொம்மையும் முழங்கையில் வந்து நிற்காது, குழந்தையின் முகத்தைப் பார்த்து எப்போது ஏறுவது என்று முடிவுசெய்யாது.

நடைவண்டியும் அப்படித்தான். மூன்று சக்கர மரவண்டி. குழந்தை பின்னால் நின்று, தன் காலில் தன் எடையைத் தாங்கி அதைத் தள்ளவேண்டும். எதிரே ஒருவர் குத்துக்காலிட்டு "வா, வா" என்று கூப்பிடுவார். வாரானைப் பருவம் முழுக்க அந்தக் காட்சிதான். இப்போது அதன் இடத்தில் குழந்தையை நடுவில் உட்காரவைக்கும் பிளாஸ்டிக் வாக்கர் வந்துவிட்டது. கால் விரல் நுனியால் உந்தினாலே உருண்டு ஓடும். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. அதில் உட்காரவைத்துவிட்டால் எதிரே ஆள் வேண்டியதில்லை என்பதுதான் அது வீடுகளில் விரும்பப்படுவதற்குக் காரணம். எனக்கு அதன் மேலுள்ள பெரிய மனத்தாங்கலும் அதுவே.

பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவது, சீம்பாலைப் பீய்ச்சி வெளியே கொட்டுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, இவை எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தவை. தேன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நஞ்சாக மாறலாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகலாம். கொட்டிய சீம்பால்தான் முதல் தடுப்பு மருந்து. ஆனால் அதே பாட்டி, நீட்டிய இரண்டு கால்களின்மேல் குழந்தையைக் கிடத்தி, வெந்நீர் ஊற்றிக்கொண்டே அதன் கண்ணைப் பார்த்து விடாமல் பேசுவாளே, அதை எந்த மருத்துவரும் குறை சொல்லமாட்டார். எண்ணெயை விட்டுவிட்டுப் பேச்சை வைத்துக்கொள்ளலாம்.

எதிரே இருக்கிற ஆள் தாயாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைத்தமிழுக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் பெரியாழ்வார் ஓர் ஆண். தம்மை யசோதையாக வைத்துக்கொண்டு கண்ணனின் பருவங்களைப் பாடினார். தமிழில் குழந்தையை இவ்வளவு அருகில் பார்த்த முதல் கண்களில் ஒன்று ஓர் ஆணுடையது என்பதைத் தகப்பன்மார் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஜமைக்காவுக்குப் போகவேண்டும். கரீபியன் கடலில் உள்ள அந்தச் சின்னத் தீவின் தலைநகர் கிங்ஸ்டன். அங்குள்ள ஏழைக் குடியிருப்புகளில் 1986–87இல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். 9 மாதத்திலிருந்து 24 மாதம் வரை வயது. எல்லாரும் வயதுக்கேற்ற உயரம் இல்லாத, குன்றிய குழந்தைகள். நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டு. ஒரு பிரிவுக்கு இரண்டும். மற்றொன்றுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இப்படி இரண்டு வருடம்.

விளையாட்டு என்றால் என்ன? மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத சமூகநலப் பணிப்பெண் ஒருத்தி வீட்டுக்குப் போவாள். தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் புட்டி, மூடி, அட்டைத்துண்டு இவற்றில் செய்த பொம்மைகள் அவள் பையில் இருக்கும். தாயோடும் குழந்தையோடும் தரையில் உட்காருவாள். மூடியைப் புட்டிக்குள் போடுவது, எடுப்பது, படம் காட்டிப் பேசுவது, குழந்தை செய்ததைப் பாராட்டுவது. அவள் குழந்தைக்குப் பாடம் எடுக்கப் போகவில்லை. தாய்க்குக் காட்டிவிட்டு, பொம்மைகளை விட்டுவிட்டு வருவாள். அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறு தருவாள். இடைப்பட்ட ஆறு நாளும் தாய்தான் ஆசிரியை.

இரண்டு வருட முடிவில் பால்மாவும் பயன் தந்தது, விளையாட்டும் தந்தது; இரண்டும் கிடைத்த குழந்தைகள் குன்றாத குழந்தைகளை ஏறத்தாழ எட்டிப்பிடித்துவிட்டார்கள். அதோடு விட்டுவிடாமல் அந்தக் குழந்தைகளை இருபது வருடம் பின்தொடர்ந்தார்கள். பால்மாவின் தனிப்பயன் காலப்போக்கில் கரைந்தது. விளையாட்டின் பயன் நின்றது. 22 வயதில் விளையாட்டு கிடைத்தவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், வன்முறையில் குறைவாக இறங்கியிருந்தார்கள். விளையாட்டு கிடைக்காத குன்றிய குழந்தைகளைவிட அவர்களது சம்பாத்தியம் ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம் என்று 2014இல் பால் கெர்ட்லரும் மற்றவர்களும் எழுதினார்கள். புட்டி மூடிகள், வாரம் ஒரு மணி நேரம், தரையில் உட்காரும் ஒரு பெண். பிறகு ஒடிசா வரைக்கும் இந்த முறை வந்து சேர்ந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு சத்துமாவு வேண்டாம் என்று யாரும் பேசிவிடக்கூடாது. பசித்த குழந்தைக்கு விளையாட்டில் மனம் போகாது. தமிழ்நாட்டுக்கு அது நன்றாகவே தெரியும். 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியோடு இங்கே வந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தையை உடனே கண்டுபிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. ஒரு சோற்று உருண்டைக்குப் பின்னால் இவ்வளவு அரசியல் மனத்திண்மை தேவைப்பட்டது. அந்தச் சாதனையை நான் எப்போதும் பெருமையோடுதான் சொல்வேன். அதே மனத்திண்மை இப்போது எதிரே உட்காரும் ஆளுக்காகவும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஏனென்றால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கன்வாடியில் இரண்டு வயதிலிருந்துதான் குழந்தை வந்து உட்காருகிறது. அதற்கு முன்னால் சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போகும், குழந்தையை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. பிறக்கும்போது பெரியவர் மூளையில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள குழந்தையின் மூளை பெரும்பங்கு வளர்ந்துவிடுவது அந்த இரண்டு வருடத்துக்குள்தான். நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2017 முதல் 26 வாரச் சம்பள விடுப்பு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஒரு வருடம். என் மகள் இந்தப் பட்டியலில் வருகிறாள். செங்கல் சுமக்கிறவளுக்கும் களையெடுக்கிறவளுக்கும் இது எதுவும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். நல்ல உதவி, மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் எத்தனை மாதம் வீட்டிலிருந்து பாயில் குழந்தைக்கு எதிரே படுத்துக்கொள்ள முடியும்? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்புகிறவள் அந்தச் சுவரைக் கடந்துதான் போகிறாள்.

டெல்லியில் 1969இல் மீரா மகாதேவன் என்ற பெண், கட்டிட வேலை நடந்த இடத்தில் மண்ணில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்று பெயர். வேலை முடிந்து தொழிலாளர்கள் அடுத்த இடத்துக்கு நகரும்போது காப்பகமும் நகரும். ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே ஒருவருக்குத் தோன்றிய இந்த எளிய எண்ணம் ஏன் ஒவ்வொரு ஊரிலும் வழக்கமாகவில்லை?

எங்கள் வீட்டுக்கு எதிரே மூன்று மாதமாக ஒரு அடுக்குமாடி எழுகிறது. மனையின் ஓரத்தில் ஒரு வேம்பு. அதில் பழைய சேலையில் தூளி. உள்ளே ஒன்பது, பத்து மாதக் குழந்தை இருக்கும். காலை எட்டரைக்குத் தூளியில் போனால் பெரும்பாலும் மதியம் வரை அதற்குள்தான். ஆறேழு வயது அக்காள் ஒருத்தி மணல் குவியலில் உட்கார்ந்து, அவ்வப்போது காலால் தூளியை ஒரு உதை உதைத்துவிட்டுத் தன் விளையாட்டுக்குத் திரும்புவாள். அவளும் குழந்தைதான். தூளிக்குள் இருந்து பார்த்தால் தெரிவது இரண்டு பக்கமும் துணி, மேலே கொஞ்சம் இலை.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். அந்தக் குழந்தையின் அம்மா சாரத்திலிருந்து இறங்கினாள். தண்ணீர்த் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சிமென்ட் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு, தூளியைப் பிரித்துக் குழந்தையை எடுத்தாள். வேம்படியில் கால் நீட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். குடித்து முடித்ததும் மடியில் நேரே உட்காரவைத்து, அதன் கையை இழுத்து உள்ளங்கையை விரித்தாள். கடைந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். நண்டு மணிக்கட்டிலிருந்து ஏறி முழங்கையில் வந்து நின்றது. குழந்தை தோளை ஒடுக்கிக்கொண்டு, இன்னும் தொடாத விரலுக்கு இப்போதே சிரிக்கத் தொடங்கியது. தெருவின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது அந்தச் சிரிப்பு. என் தோளிலிருந்த பேத்தியும் தலையைத் தூக்கி அந்தத் திசையைத் தேடினாள்.

"ஏம்மா, கலவை காயுது" என்று மேலேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார்.

அவள் எழுந்தாள். குழந்தையைத் தூளிக்குள் இறக்கினாள். விரித்த கை துணிக்கு வெளியே நீண்டபடியே இருந்தது.